மீன் ஸ்கூட்டரும் பாயன் ஓபோவும்

2025 ஜூலையில் ஒரு காலை. கடை ஷட்டரைத் தூக்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கடியப்பட்டணத்துத் தம்பி ஒருவர் தன் மின் ஸ்கூட்டரை மினி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். வீடு வீடாக மீன் விற்கிறவர். பின்சீட்டுக்கு மேல் தெர்மோகோல் பெட்டி கட்டுகிற கம்பிச்சட்டம் அப்படியே இருந்தது, சாளை வாசனையும் அப்படியே இருந்தது. "அண்ணே, வண்டி ஓடுது, ஆனா உள்ள கரகரன்னு ஒரு சத்தம், ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்றார்.

எனக்கு நாகர்கோவில் கோட்டாறில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. இருபத்திரண்டு வருஷமாகக் கிணற்று மோட்டார், கிரைண்டர், தும்பு மில் மோட்டார் என்றுதான் பிழைப்பு. கடந்த நாலைந்து வருஷமாகத்தான் இந்த ஸ்கூட்டர்ச் சக்கரங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும், நடுவில் காயில் அசையாமல் நிற்கும், ரோட்டார் என்கிற வெளிவளையம் சுற்றும். அந்த வளையத்தின் உள்பக்கம் சீட்டுக்கட்டுச் சீட்டைக் குறுக்கே வெட்டியது மாதிரி நாற்பதுக்கு மேல் காந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். இதைத் திறக்க புல்லர் வேண்டும், பொறுமையும் வேண்டும். முதன்முதலில் ஒன்றைத் திறந்தபோது விவரம் தெரியாமல் கையால் இழுத்தேன், பாதி வந்த ரோட்டார் படக்கென்று திரும்ப உள்ளே போய் என் வலது ஆள்காட்டி விரல் நகத்தை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து காந்தத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை.

தம்பியின் சக்கரத்தைத் திறந்தால் உள்ளே துரு. உப்புத் தண்ணீர் பேரிங் வழியாக இறங்கியிருந்தது. காந்தத்தின் மேல் வெள்ளி மாதிரி ஒரு நிக்கல் பூச்சு இருக்கும். அது ஒரு இடத்தில் விட்டுப்போனால் போதும், உள்ளே இருப்பது பெரும்பகுதி இரும்பு என்பதால் ஈரத்தில் நனைந்த பிஸ்கட் மாதிரி பொங்கி உதிர்ந்துவிடும். ஏழு துண்டு அப்படிப் போயிருந்தது. உதிர்ந்த தூள் காயிலில் உரசித்தான் அந்தக் கரகரப்பு.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டோம். "ரோட்டார் ஸ்டாக் இல்லை, எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார்கள். எனக்கு உதிரிபாகம் அனுப்பும் கோயம்புத்தூர் வியாபாரிக்குப் போன் போட்டேன். அவர் நேராகச் சொன்னார்: "காந்தமே வரலண்ணே. சீனாக்காரன் லைசென்ஸ் விடல."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி ஒரு கேள்வி கேட்டார். "எங்க ஊருக்கு அடுத்தாப்லதான் மணல் கம்பெனி. இந்தக் காந்தத்துக்கான சாமான் நம்ம கடற்கரையிலதான் இருக்குன்னு மேடை போட்டுப் பேசுறாங்க. அப்ப அதை எடுத்து இதுல ஒட்டினா என்ன?"

சிரிப்பு வந்தது. பதில் மட்டும் வரவில்லை. மோட்டாரோடு இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அதன் வயிற்றில் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையே என்று ஒரு வெட்கம். அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம ஊர்க் கதை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் பளபளப்பதைக் கண்டுபிடித்தார். கயிற்றின் மணலைப் பிடித்துக்கொண்டே நடந்து மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலையும் வைத்துவிட்டார். அப்போது உலகத்துக்கு வேண்டியிருந்தது மோனசைட்டில் உள்ள தோரியம். நம்ம கொடை வீட்டிலும் கல்யாண வீட்டிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் பெரும்பகுதி தோரியம்தான், அதோடு ஒரு துளி சீரியம். மோனசைட்டில் இருந்த மற்ற அருமண் தனிமங்களை, அதாவது ரேர் எர்த் என்கிற உலோகங்களை, என்ன செய்வதென்று தெரியாமல் லைட்டர் கல் செய்து பார்த்தார்கள். இன்றைக்கு நிலைமை தலைகீழ். அன்று மிச்சமாகக் கிடந்த அருமண்களில் ஒன்றான, இந்தக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியத்துக்கு உலகமே அடித்துக்கொள்கிறது, அன்று தங்கமாக இருந்த தோரியத்தைக் கதிர்வீச்சு காரணமாகப் பூட்டிவைத்துக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரரைப் பிரிட்டிஷார் பிடித்து உள்ளே போட்டார்கள், மணல் லண்டன் கம்பெனி கைக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் ஐ.ஆர்.இ. (இந்தியன் ரேர் எர்த்ஸ்) நிறுவனம் தொடங்கப்பட்டது, 1960-களில் மணவாளக்குறிச்சியும் அதன் கைக்கு வந்தது.

இடையில் ஒரு சங்கதி இருக்கிறது, இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. கனிமத்தைக் காட்டி மிரட்டுவதைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர் இந்த மோனசைட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தனி நாட்டுப் பேரம் பேசினார். அப்புறம் 1951-இல் நமக்குப் பஞ்சம், அமெரிக்காவிடம் கோதுமைக் கடன் கேட்கிறோம், அங்கே நாடாளுமன்றத்தில் சிலர் 'மோனசைட் கொடுத்தால் கோதுமை' என்று பேச்செடுக்கிறார்கள். நேரு அரசு ஏற்றுமதித் தடையை எடுக்க மறுத்துவிட்டது. ஆக, மணவாளக்குறிச்சியை ஒட்டிய சின்னவிளைக் கடற்கரை மணலுக்கு உலக அரசியலில் வாஷிங்டன் வரைக்கும் ஒரு காலத்தில் பேர் இருந்திருக்கிறது.

சரி, காந்தத்துக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உதிர்ந்த ரோட்டாரிலிருந்து நல்ல துண்டு ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பையனையும் கூட்டிக்கொண்டு சின்னவிளைக்குப் போனேன். ஆனி ஆடியில் கடல் கொந்தளித்து வெள்ளை மணலை அரித்துக்கொண்டு போய்விடும், கனமான கருமணல் வரிவரியாகத் தங்கிவிடும், பார்த்தவர்களுக்குத் தெரியும். காந்தத்தைப் பையோடு மணலுக்குள் விட்டு எடுத்தால் முள்ளம்பன்றி மாதிரி கறுப்புத் துகள் சிலிர்த்துக்கொண்டு நின்றது. இல்மனைட். டைட்டானியம் உள்ள தாது, பெயின்ட் வெள்ளைக்குப் போகிறது. அதோடு சிவப்புத் துகள் கொஞ்சம், கார்னெட். பையனிடம் லென்ஸைக் கொடுத்து, ஒட்டாமல் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளை மணலுக்கு நடுவே தேன் நிறத்தில் மொழுமொழுவென்று ஒன்றிரண்டு மணிகள். அதுதான் மோனசைட்டாக இருக்க வேண்டும். "இதுல இருந்துதான் காந்தம் வருதா? அப்ப ஏன்ப்பா ஒட்டல?" என்றான். நல்ல கேள்வி. மோனசைட்டைக் காந்தம் ரொம்ப லேசாகத்தான் இழுக்கும். அதற்குள் இருக்கும் நியோடிமியத்தைத் தனியாகப் பிரித்து, உலோகமாக்கி, இரும்போடும் போரானோடும் சேர்த்து உருக்கி, பொடித்து, காந்தப்புலத்தில் அடுக்கி அழுத்தி, சூளையில் சுட்டால்தான் என் நகத்தை எடுத்த சாமான் கிடைக்கும். வரும்போது கையில் ஒட்டியதை நன்றாகத் தட்டிவிட்டு வந்தோம். மோனசைட் அணுசக்திச் சட்டத்தில் வருகிற பொருள், வீட்டுக்கு ஞாபகார்த்தமாக எடுத்துப் போகிற சிப்பி இல்லை.

மணலுக்கும் காந்தத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த வேலையைத்தான் சீனா கைப்பற்றி வைத்திருக்கிறது. இந்தியாவின் மோனசைட்டில் மட்டும் சுமார் 72 லட்சம் டன் அருமண் ஆக்சைடு இருப்பதாக அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 2024-இல் நாம் எடுத்தது ஏறக்குறைய 2,900 டன். சீனா அந்த ஆண்டுக்குத் தன் சுரங்கங்களுக்கு வைத்த ஒதுக்கீடு 2,70,000 டன். அதைவிட முக்கியமான கணக்கு சர்வதேச எரிசக்தி முகமை சொல்வது: காந்தத்துக்கான அருமண் தனிமங்களைப் பூமியிலிருந்து எடுப்பதில் சீனாவின் பங்கு 60 சதவீதம் போல, பிரித்துச் சுத்திகரிப்பதில் 91 சதவீதம், காந்தம் செய்வதில் 94 சதவீதம். மேலே போகப் போகப் பிடி இறுகுகிறது.

எப்படி இறுக்கினார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். மூன்று ஊர்களைச் சொன்னால் விளங்கும்.

முதல் ஊர் பாயன் ஓபோ. உள் மங்கோலியாவில், பாவ்டோ நகரத்துக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். 1927-இல் டிங் தாவ்ஹெங் என்ற இளம் நிலவியலாளர் அங்கே இரும்பு மலையைக் கண்டுபிடித்தார். அந்த இரும்போடு கலந்து உலகத்தின் மிகப் பெரிய அருமண் படிவும் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இதில் விஷயம் என்னவென்றால், சுரங்கச் செலவை இரும்பே கட்டிவிடுகிறது, அருமண் உடன்வரவு. நம்ம மணவாளக்குறிச்சியிலும் இதே கதைதான், ஆலையை ஓட்டுவது இல்மனைட், மோனசைட் கூட வருகிறது. அப்படியானால் அவர்கள் எங்கே, நாம் எங்கே என்று கேட்டால், பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஷூ குவாங்ஷியான் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார், அங்கேதான் பாதை பிரிகிறது.

அருமண் தனிமங்கள் ஒரே வீட்டில் பிறந்த பதினேழு பிள்ளைகள் மாதிரி, முகஜாடை எல்லாம் ஒன்றுதான், பெற்ற தாய்க்கே குழம்பும். அமிலத்தில் கரைத்த கரைசலையும் எண்ணெய் மாதிரியான ஒரு கரைப்பானையும் ஒரு தொட்டியில் கலக்கி நிற்கவிட்டால், ஒரு தனிமம் எண்ணெய்ப் பக்கம் ஒரு துளி கூடுதலாகச் சாயும், இன்னொன்று தண்ணீர்ப் பக்கம். ஒரே தடவையில் பிரியாது. தேங்காய்ப்பாலுக்கு முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிவோமே, அந்த மாதிரி, ஆனால் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் அடுத்தடுத்துப் பிழிய வேண்டும். எத்தனை தொட்டி, எவ்வளவு அமிலம், எந்த விகிதம் என்பதை ஒவ்வொரு தடவையும் சோதனை செய்து பார்க்காமல் கணக்காகவே போட்டுவிடும் வழியை 1970-களில் அவர் உருவாக்கினார். அதைப் பூட்டியும் வைக்கவில்லை, தொழிற்சாலை ஆட்களுக்கு வகுப்பெடுத்தார். சீனாவில் அவரை அருமண் துறையின் தந்தை என்கிறார்கள், 2008-ஆம் ஆண்டுக்கான நாட்டின் உயரிய அறிவியல் விருதும் அவருக்குத்தான்.

அதற்குமேல் அரசு ஒரு வேலை செய்தது. 1985-இல் அருமண் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுத்து உலகச் சந்தையை மலிவு விலையால் மூழ்கடித்தார்கள். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2002-இல் மூடப்பட்டது, அதற்கு இந்த விலையும் ஒரு காரணம். 1983-84 வாக்கில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த நியோடிமியம் காந்தத்தின் அமெரிக்கக் கம்பெனியை 1995-இல் சீனக் கூட்டாளிகள் உள்ள குழு வாங்கி, சில வருஷத்தில் உற்பத்தியையும் சீனாவுக்குக் கொண்டுபோனது. எல்லாரும் சீனாவை நம்பிய பிறகு, 2005-இல் அந்த வரிச் சலுகையை எடுத்தார்கள், அப்புறம் ஏற்றுமதி வரி போட்டார்கள், ஏற்றுமதி ஒதுக்கீட்டையும் குறைத்தார்கள். கச்சாவாக வெளியே கொண்டுபோனால் செலவு, உள்ளே வந்து காந்தம் செய்தால் மலிவு. பாவ்டோவில் 1990-களின் தொடக்கத்திலேயே அருமண்ணுக்கென்று ஒரு உயர்தொழில்நுட்ப வளாகம். சுரங்கம், பிரிப்பு, உலோகம், காந்தம், மோட்டார் எல்லாம் ஒரே ஊரில் வரிசையாக. நல்ல கடைக்காரன் புத்தி, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் விலையைக் கட்டிய இடமும் பாவ்டோதான். நகரத்துக்கு வெளியே கழிவுக் குட்டை ஒன்று, குட்டை என்கிறேன், பரப்பில் ஏரி. தோரியம் கலந்த கழிவு, மஞ்சள் ஆற்றிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில். சுற்றியிருந்த கிராமங்களில் கிணறு கெட்டு ஆட்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது.

இரண்டாவது ஊர் கான்ஜோ, தெற்கே ஜியாங்ஷி மாகாணத்தில். ரோட்டார் சூடானாலும் காந்த சக்தி போகாமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்று கனமான அருமண் தனிமங்கள் கொஞ்சம் சேர்க்க வேண்டும். மதிய வெயிலில் மார்த்தாண்டம் ஏற்றத்தில் இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு போகிற ஸ்கூட்டருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும், வெந்துபோய் சக்தி இறங்கிய ரோட்டார்கள் கடை மூலையில் கிடக்கின்றன. நம்ம மோனசைட்டில் இந்தக் கனமானவை சொற்பம், பாயன் ஓபோவிலும் சொற்பம். கான்ஜோ மலைகளின் செங்களிமண்ணில் 1969-இல் அது கிடைத்தது. பாறையை உடைக்க வேண்டாம், மலையில் குழி போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினால் மண்ணிலிருந்து கழன்று அடிவாரத்தில் வடியும். ஆமாம், வயலுக்குப் போடும் அதே உரம்தான். 1980-களில் சுரங்கத் தொழிலுக்கு அங்கே ஒரு கோஷம் இருந்தது, 'தண்ணீர் இருந்தால் வேகமாக ஓடட்டும்' என்று. யார் வேண்டுமானாலும் தோண்டு என்று அர்த்தம். பக்கெட்டும் உரமூட்டையும் இருந்தவனெல்லாம் முதலாளி. மலை மொட்டையானது, ஓடைகளில் அம்மோனியா. 2012-இல் சீனத் தொழில்துறைத் துணை அமைச்சர் ஒருவரே, கான்ஜோவைச் சுத்தம் செய்ய 3,800 கோடி யுவான் ஆகும் என்று கணக்குச் சொன்னார், அது அந்தத் தொழில் ஒரு வருஷத்தில் ஈட்டிய லாபத்தைவிடப் பல மடங்கு.

பெய்ஜிங் பிடியை இறுக்கியது. சின்னச் சுரங்கங்களை மூடி, கம்பெனிகளை ஆறு பெரிய குழுமங்களாக்கி, 2021 டிசம்பரில் சீன அருமண் குழுமம் என்று ஒன்றை உருவாக்கி அதன் தலைமையகத்தைக் கான்ஜோவிலேயே வைத்தார்கள். மலை மூச்சுவிட்டது. ஆனால் டிஸ்ப்ரோசியத்துக்கான பசி குறையவில்லையே, அது எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மலைகளுக்குப் போனது. அதே குழி, அதே உரக் கரைசல், கேட்பதற்கு நாதியில்லாத இடம். அங்கே ஆயுதக் குழுக்கள் மாறி மாறிச் சுரங்கத்தைப் பிடிக்கின்றன, 2024 அக்டோபரில் பாங்வா என்ற சுரங்க ஊரைக் கச்சின் விடுதலைப் படை பிடித்தபோது இந்தக் கனிமங்களின் விலை இங்கே அங்கே என்று ஆடியது. வடிகட்டிய சாமான் மட்டும் சீனாவுக்கு லாரியில் போய்விடுகிறது, ஓடை அங்கேயே கிடக்கிறது.

மூன்றாவது ஊர் யிச்சுன், அதுவும் ஜியாங்ஷிதான், இது பேட்டரிக்கு வேண்டிய லித்தியத்துக்கு. 2022 நவம்பரில் லித்தியம் கார்பனேட் டன் கிட்டத்தட்ட ஆறு லட்சம் யுவானுக்கு ஏறியபோது, ஆசியாவின் லித்தியம் தலைநகர் என்று பட்டம் கட்டிக்கொண்டிருந்த அந்த ஊருக்குக் கொண்டாட்டம். அங்கே கிடைப்பது லெபிடோலைட் பாறை, சத்துக் குறைவு, ஒரு டன் லித்தியம் உப்புக்கு நூறு டன்னுக்கு மேல் பாறையை அரைக்க வேண்டும். பல சுரங்கங்கள் பீங்கான் மண் என்ற பேரில் நகர நிர்வாகத்திடம் பர்மிட் வாங்கி லித்தியம் எடுத்தன, ஏனென்றால் லித்தியம் என்று எழுதினால் மேலே போய் அனுமதி வாங்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சீனா ரொம்ப அந்நியமாகத் தெரியவில்லை, வண்டல் மண் பர்மிட்டில் எது எதெல்லாமோ லாரி ஏறுவதைப் பார்த்த ஜில்லாக்காரன் நான். ஆற்றில் தாலியம் என்ற நச்சு உலோகம் கலந்ததால் ஆலைகளை நிறுத்தியது, 2023-இல் மத்தியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது, 2025 ஆகஸ்ட்டில் உலகின் மிகப் பெரிய பேட்டரிக் கம்பெனியான சி.ஏ.டி.எல்.-இன் சுரங்கம்கூட உரிமம் முடிந்து நின்றது என்று கதை போகிறது. சீனா என்றால் மேலே ஒருவர் சொல்ல, கீழே எல்லாரும் செய்கிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஊர் அதிகாரிக்கு வேண்டியது வளர்ச்சிக் கணக்கும் பதவி உயர்வும், பெய்ஜிங்குக்கு வேண்டியது கையில் கடிவாளம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேதான் இந்தச் சுத்தமான எரிசக்தி உலகத்துக்கு வந்து சேர்கிறது.

அந்தக் கடிவாளத்தைத்தான் 2025 ஏப்ரல் 4 அன்று இழுத்தார்கள். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அருமண் தனிமங்களும், அவை கலந்த காந்தங்களும் உரிமம் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று. குறி அமெரிக்கா, டிரம்ப்பின் வரிக்குப் பதிலடி. ஆனால் அடி நம்ம கடியப்பட்டணத்து மீன் ஸ்கூட்டர் வரைக்கும் வந்தது. இந்தியக் கம்பெனிகள் யாருக்கு, எதற்கு என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தன. வேடிக்கை என்னவென்றால் கட்டுப்பாடு காந்தத்துக்குத்தான், முழு மோட்டாருக்கு இல்லை. அதனால் மோட்டாரையே முழுசாக இறக்குமதி செய்துவிடலாமா என்று சில கம்பெனிகள் யோசித்ததாகச் செய்தி வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம், காயில் கட்டுகிற வேலையும் சேர்ந்து போய்விடும்.

இந்த இடத்தில் முப்பந்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் காற்றாலை எல்லாவற்றிலும் சீனக் காந்தம் இருக்கிறது என்று வாட்ஸாப்பில் ஒருவர் எழுதியிருந்தார். தப்பு. அங்கே நிற்கும் பழைய ஆலைகளில் பெரும்பாலானவை கியர்பாக்ஸும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டரும் வைத்தவை. கிணற்று மோட்டாரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே செம்பும் இரும்பும்தான், காந்தத் துண்டு கிடையாது. கியர் இல்லாமல் நேரடியாகச் சுற்றும் பெரிய கடல் காற்றாலைகளுக்குத்தான் காந்தம் டன் கணக்கில் வேண்டும், ஒரு மெகாவாட்டுக்கு 600 கிலோ அளவில். நாளை தென்கடலில் காற்றாலை நட்டால் அந்தக் கேள்வி நம்ம வாசலுக்கு வரும்.

இந்தியாவும் சும்மா இல்லை. 2025 நவம்பரில் வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பணம் வந்தது நல்லது. ஆனால் இன்றைய பாதையைப் பாருங்கள், மோனசைட்டை ஒடிசாவில் சத்ரபூருக்குக் கொண்டுபோய் அமிலம், காரம் போட்டு உடைக்கிறார்கள், அங்கிருந்து கேரளத்தில் ஆலுவாவுக்கு வந்து பிரிகிறது, அதன் பிறகு உலோகம், காந்தம் என்ற இடத்தில் நம்ம சங்கிலி நூல் மாதிரி மெலிந்துவிடுகிறது. பாவ்டோவில் ஒரே ஊரில் நடப்பது இது. நம்ம ஜில்லாவுக்கு வருவது முதல் படி மட்டும்: மணலை அள்ளுவது.

அந்த முதல் படிக்குத்தான் கிள்ளியூர் தாலுகாவில், மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேர் கேட்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வைத்திருந்த கருத்துக்கேட்பு, கடற்புறத்தில் கிளம்பிய எதிர்ப்பில் தள்ளிப்போனது. பங்குத்தந்தைகளும் மீனவர் அமைப்புகளும் விவசாயிகளும் ஒன்றாக நின்றார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டது. யிச்சுனில் நகர அதிகாரி செய்ததை நாம் டெல்லியிலிருந்து செய்கிறோம் போல.

புற்றுநோய் பயம் பற்றிப் பேசாமல் போனால் நேர்மை இல்லை. கேரளத்தில் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கையாகக் கிடக்கும் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. மணலை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும்: அந்த ஆய்வு கடல் கொண்டுவந்து போட்ட மணலில் வாழ்வதைப் பற்றியது. தோண்டுவது, பிரிப்பது, தோரியம் மிச்சத்தை வைப்பது வேறு சமாச்சாரம், பாவ்டோ குட்டைக்குப் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த ஆய்வைக் காட்டி மிடாலத்துக்காரர் வாயை மூடச் சொல்வது சரியாகப் படவில்லை. அதே நேரம் கருமணலைத் தொட்டாலே ஊர் அழியும் என்கிற மேடைப் பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. என் கடையில் வரும் வண்டிகளில் பாதி இனி காந்தத்தோடுதான் வரப்போகிறது, அதை எங்கோ ஒரு கச்சின் மலையைக் குடைந்து எடுக்கட்டும், நம்ம கடற்கரை மட்டும் தப்பித்தால் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்பதாக இருந்தால் நான் கேட்பது இது: மணல் இங்கிருந்து போகிறது என்றால் காந்தச் சூளையும் இங்கே வரட்டும், பையன்கள் கொச்சிக்கும் வளைகுடாவுக்கும் போகாமல் இங்கேயே அந்த வேலையைக் கற்கட்டும், தோண்டிய குழியை மூடுகிற கணக்கும் தோரியம் எங்கே போகிறது என்ற கணக்கும் பஞ்சாயத்து பலகையில் தமிழில் எழுதி ஒட்டட்டும். இதில் ஒன்றுகூட இல்லாமல் அள்ளிக்கொண்டு போவது மட்டும் என்றால், 1909-இல் கயிற்றோடு போன மணலுக்கும் இப்போது போவதற்கும் என்ன வித்தியாசம்?

தம்பியின் வண்டியை அப்படியே விடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு ஆக்கர் கடையில், விபத்தில் நசுங்கிய அதே மாடல் ஸ்கூட்டர் கிடைத்தது. சக்கரம் கோணல், ஆனால் உள்ளே காந்தம் பளிச்சென்று இருந்தது. ஏழு துண்டை மெல்லச் சூடுகாட்டிப் பசையை இளக்கி எடுத்தேன், அதிகம் சூடானால் சக்தி போய்விடும் என்பதால் கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் விடவில்லை, அரை நாள் வேலை. வடக்கு, தெற்கு மாறாமல் ஒவ்வொன்றையும் திசைகாட்டி வைத்துப் பார்த்து எப்பாக்சி போட்டு ஒட்டி, பேரிங் மாற்றி, சீலுக்கு மேல் இன்னொரு பூச்சுக் கிரீஸ். மெதுவாக உருட்டினால் இன்னும் லேசாக ஒரு முனகல் இருக்கிறது, வேகம் எடுத்தால் தெரியாது. தினமும் நல்ல தண்ணீரில் சக்கரத்தைத் துடைக்கச் சொல்லி அனுப்பினேன். போன வாரம் இந்தப் பக்கம் வந்தபோது கால் கிலோ நெய்மீன் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற காந்தத் துண்டுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், ஸ்க்ரூடிரைவர்கள் எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறேன்.